மிதக்காத படகு

பாஸ்டன் நகரை ஒட்டி ஓடும் சார்ல்ஸ் ஆறு பனிக்காலத்தில் உறைந்துவிடும். படகு இறக்க வழியிருக்காது. 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. அமெரிக்காவின் ஒலிம்பிக், உலகப் போட்டி அணிகளில் துடுப்பு வலித்த ஆண்களும் பெண்களும் அவர்கள். மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா 1980-இல் புறக்கணித்ததால், உடம்பு உச்சத்தில் இருந்த ஆண்டில் பந்தயத்துக்கே போக முடியாமல் போன தலைமுறை அது. குளிர்காலப் பொழுதைத் தள்ளுவதற்காகத் துடுப்பு இயந்திரங்களை ஓர் அறைக்குள் வரிசையாகப் போட்டுப் பந்தயம் நடத்தினார்கள். தங்கள் கூட்டத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘சார்ல்ஸ் ரிவர் ஆல் ஸ்டார் ஹேஸ் பீன்ஸ்’. ஒரு காலத்தில் நட்சத்திரங்களாக இருந்து, காலம் முடிந்துபோனவர்கள் என்று பொருள்.

பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கிராஷ்-பி’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பந்தயம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. வென்றவருக்குச் சுத்தியல் பரிசு. முதலில் ஐந்து மைல், பிறகு 2,500 மீட்டர், 1996 முதல் 2,000 மீட்டர் என்று தூரம் மாறியது. உலகத் துடுப்புப் படகுக் கூட்டமைப்பு தன் பெயரில் உள்ளரங்க உலகப் போட்டியை 2018-இல் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியாவில் தொடங்கும்வரை, கிராஷ்-பியில் வென்றவரைத்தான் உலக வெற்றியாளராக மதித்தார்கள். உள்ளரங்கத் துடுப்பு என்ற விளையாட்டுக்கு வித்திட்டவர்கள், ஆட்டம் முடிந்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்களே.

நாற்பத்தைந்து வயதில், இடுப்புப் பட்டை இரண்டு துளை தளர்ந்து, மாடி ஏறினால் மூச்சு வாங்கும் நிலையில், இளமையில் விட்டுவிட்ட துடுப்பு இயந்திரத்தின் நகரும் இருக்கையில் மீண்டும் போய் உட்காருகிறவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். போனது திரும்புமா? எவ்வளவு திரும்பும்? எது முதலில் திரும்பும், எது கடைசியில் திரும்பும்? முதல் இரண்டுக்கும் அறிவியல் தரும் பதில், பொதுவாக நாம் எதிர்பார்ப்பதைவிட நம்பிக்கை தருவது. மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்பதில்லை. முதுகு பிடித்துக்கொள்வதும், ஆறாவது வாரத்தில் இயந்திரத்தின் மேல் துணி காயப் போடுவதும் அதைக் கேட்காததன் விளைவுதான்.

தரையில் உட்கார்ந்து துடுப்பு வலிப்பது புதிய யோசனை இல்லை. கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்சின் கடற்படைத் தளபதி காப்ரியாஸ், பழக்கமில்லாத ஆட்களைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பு கரையிலேயே மரச்சட்டங்களில் உட்காரவைத்துப் பழக்கியதாகப் பண்டைக் குறிப்பு உண்டு. 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையிலும் ஒரு துடுப்பு இயந்திரம் இருந்தது. இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் இயந்திரம் பிறந்தது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மோரிஸ்வில் என்ற சிற்றூரில். டிக், பீட் டிரைசிகாக்கர் என்ற சகோதரர்கள் 1976-இல் துடுப்புகள் செய்வதற்காக கான்செப்ட்2 நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மூத்தவர் டிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்தவர். பனிக்காலப் பயிற்சிக்கு வழி தேடியபோது, ஒரு சைக்கிளைத் தரையோடு அறைந்து, அதன் சங்கிலியின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்து உருவான முதல் மாதிரி 1981-இல் விற்பனைக்கு வந்தது. சைக்கிள் சக்கரம், அதில் காற்றைத் தள்ளும் இறகுகள், ஒரு கைப்பிடி, நகரும் இருக்கை, அவ்வளவுதான்.

படகு வீரர்கள் இதை எர்கோமீட்டர் என்பார்கள், சுருக்கமாக எர்க். கிரேக்கத்தில் ‘எர்கான்’ என்றால் வேலை. வேலையை அளக்கும் கருவி அது. “எர்க் மிதக்காது” என்பது அவர்களிடையே பழகிப்போன பேச்சு. எர்க்கில் வேகமாக இழுப்பவரெல்லாம் தண்ணீரில் நல்ல படகோட்டி ஆகிவிட மாட்டார் என்பதற்காகச் சொல்வது. உடற்தகுதியை மீட்க வருகிறவருக்கோ அந்த மிதக்காத தன்மைதான் வசதி. ஆறு வேண்டாம், குழு வேண்டாம், கவிழ்ந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். சென்னையில் 1867 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் போட் கிளப் போன்ற சில இடங்களை விட்டால், தமிழ்நாட்டில் இந்த இயந்திரத்தைப் பெரும்பாலானோர் பார்ப்பது ஜிம்மில்தான். டிரெட்மில்லுக்கு ஆள் காத்திருக்கும்போதும் ரோயிங் மெஷின் மூலையில் காலியாகக் கிடக்கும்.

இயந்திரத்தின் சிறிய திரையில் மின்னும் எண் ஒன்று உண்டு. இப்போது இழுக்கும் வேகத்தில் 500 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அது சொல்கிறது. ஸ்பிளிட் என்பார்கள். முன்பு துடுப்பு வலித்து, விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவரை வதைப்பது இந்த எண். இருபது வயதில் 2,000 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்த ஒருவர், நாற்பத்தைந்தில் 8 நிமிடத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம்தானே என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி. காற்றைச் சுழற்றத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் முப்படியில் ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும். 7 நிமிடத்துக்குச் சராசரி 302 வாட், 8 நிமிடத்துக்கு 203 வாட். அந்த ஒரு நிமிடத்துக்குள் உடம்பின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது.

இதே கணக்கில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது. 500 மீட்டருக்கு 2 நிமிடம் 30 விநாடி எடுக்கும் ஒருவர் ஐந்து விநாடி குறைக்க இன்னும் 11 வாட் சேர்த்தால் போதும். 1 நிமிடம் 50 விநாடியில் இழுப்பவர் அதே ஐந்து விநாடியைக் குறைக்க 39 வாட் சேர்க்க வேண்டும். கீழே இருப்பவருக்கு ஏணியின் படிகள் தாழ்வாக இருக்கின்றன. திரும்பி வந்த முதல் சில மாதங்களில் எண் வேகமாக இறங்குவதற்கு இதுவும் காரணம். பழைய எண்ணோடு ஒப்பிட்டுக் குமைகிற மனம் இந்த இறக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது.

சரி, உடம்பு எவ்வளவு திரும்பும்?

இதற்கு மிக அழகான பதில் டல்லாஸ் நகரிலிருந்து வந்தது. 1966-இல் சுவீடன் நாட்டு உடலியங்கியல் அறிஞர் பெங்க்ட் சால்டினும் அமெரிக்க மருத்துவர் ஜெரி மிட்செலும் அவர்கள் குழுவினரும் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். எல்லோருக்கும் 20 வயது. எழுந்தபோது, உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் விழுந்திருந்தது. நுரையீரல், இதயம், ரத்தம், தசை எல்லாம் சேர்ந்து எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதற்கு இந்த அளவுதான் உரைகல். முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐவரையும் மீண்டும் அழைத்தார்கள். சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குப் போயிருந்தது. உடம்பில் கொழுப்பின் பங்கு 14 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக இரட்டித்திருந்தது. அப்படியிருந்தும் அவர்களுடைய ஆக்சிஜன் உச்ச அளவு, 20 வயதில் மூன்று வாரம் படுத்தெழுந்தபோது இருந்ததைவிட மேலாக இருந்தது. மூன்று வாரப் படுக்கை செய்த கேட்டை முப்பது ஆண்டு முதுமை செய்யவில்லை.

அத்தோடு நிற்கவில்லை. ஐவருக்கும் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் வாரத்துக்கு நான்கரை மணி நேரம் ஆனது. 50 வயது ஐவரும் சராசரியாகத் தங்கள் 20 வயதுத் தொடக்க அளவை எட்டினார்கள். முப்பது ஆண்டில் இழந்தது ஆறு மாதத்தில் வந்து சேர்ந்தது. எடை சில கிலோதான் குறைந்தது. ஆகவே எடைக் கருவியைப் பார்த்து உடற்தகுதியை மதிப்பிடுவது தவறு என்பதும் கூடவே தெரிந்தது. இன்னொரு நுட்பமும் உண்டு. 1966-இல் படுக்கைக்குப் பிறகு இரண்டு மாதம் கடும் பயிற்சி எடுத்து அவர்கள் எட்டிய உச்சத்தை, 50 வயதில் ஒருவராலும் தொட முடியவில்லை. சோம்பலால் போனது முழுதாகத் திரும்பியது. இளமையின் உச்சம் திரும்பவில்லை. முன்னாள் துடுப்பு வீரர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

அதே டல்லாசில் பெஞ்சமின் லெவின் என்ற இதய மருத்துவர் தலைமையில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. 45 முதல் 64 வயதுவரை, பெரும்பாலும் உட்கார்ந்தே வாழ்ந்த 61 பேர் அதில் சேர்ந்தார்கள். 53 பேர் கடைசிவரை நின்றார்கள். ஒரு பிரிவினர் யோகா, சமநிலைப் பயிற்சி, எடைப் பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவினர் இரண்டு ஆண்டுகள், வாரத்தில் நான்கைந்து நாள், மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி செய்தார்கள். இரண்டாம் பிரிவினரின் ஆக்சிஜன் உச்ச அளவு 18 சதவீதம் ஏறியது. வயதாக ஆக விறைத்துப்போகும் இதயத்தின் இடது கீழறை கால் பங்குக்கு மேல் நெகிழ்ந்தது. ஆனால் எழுபதை ஒட்டிய வயதினருக்கு இதே குழு முன்னதாக ஓராண்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது இதயத்தின் விறைப்பு இளகவில்லை. நடுவயது என்பது இதயத் தசை இன்னும் சொல்பேச்சுக் கேட்கும் வயது. இந்தக் கட்டுரையின் கேள்வி அவசரமானது என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

அந்த ஆய்வின் பயிற்சித் திட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். முதல் மாதங்களில் கடுமையே இல்லை. அரை மணி நேரம், பேசிக்கொண்டே செய்யக்கூடிய எளிய முயற்சி, வாரத்தில் மூன்று நாள். அதற்குப் பிறகுதான் நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் மெல்லவுமாக மாறி மாறிச் செய்யும் பகுதி வந்தது. அதுவும் மற்ற நாள்களின் எளிய பயிற்சிக்கு நடுவே அளவோடுதான்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். உடம்பின் பகுதிகள் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. முதலில் திரும்புவது ரத்தம். பயிற்சி தொடங்கிய சில நாள்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகத் தள்ளுகிறது. இரண்டாம் வாரத்தில் ‘மூச்சு திறந்துவிட்டது’ என்று பலர் உணர்வது இதனால்தான். அடுத்து தசை. முன்பு பயிற்சி பெற்ற தசை புதிய தசையைவிட வேகமாகப் பழைய நிலைக்கு வருகிறது. பின்லாந்தின் யூவாஸ்கூலா பல்கலைக்கழகம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், எடைப் பயிற்சியைப் பத்து வாரம் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கியவர்கள், சில வாரங்களிலேயே இழந்ததை ஈடுகட்டி, இடைவெளியில்லாமல் செய்தவர்களின் வரிசைக்கு வந்துவிட்டார்கள். பத்து வாரத்தையும் இருபது ஆண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் கை, கால், இடுப்பு மூன்றும் இணைந்து இயங்கும் அந்தப் பழைய தாளம், சைக்கிள் ஓட்டக் கற்றது போல, உடம்பை விட்டு எளிதில் போவதில்லை.

கடைசியில் திரும்புவது தசைநாண்களும் முதுகுத்தண்டின் தாங்குதிறனும். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அது மெல்லத்தான் மாறும். சிக்கல் இங்கே பிறக்கிறது. ஆறாம் வாரத்தில் மூச்சும் தொடையும் ‘நாங்கள் தயார்’ என்கின்றன. முதுகு இன்னும் தயாராகவில்லை. கல்லூரியில் இழுத்த எண் நினைவுக்கு வருகிறது. ஒரு சனிக்கிழமை காலை, யாரும் கேட்காமலே, அதைத் தொட்டுப் பார்க்க ஆசை எழுகிறது.

துடுப்புப் போடுவதைத் தமிழில் ‘வலித்தல்’ என்கிறோம். இழுப்பது, நோவு, பலம் மூன்றும் ‘வலி’ என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. துடுப்பு வீரர்களுக்கு அதிகம் வரும் நோவு அடிமுதுகில்தான். எர்க்கில் இடைவிடாமல் அரை மணி நேரத்துக்கு மேல் இழுப்பதற்கும் முதுகுக் காயத்துக்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு மணி நேர எர்க் பயிற்சியின்போது முதுகின் அசைவைப் பதிவுசெய்து பார்த்தார்கள். நேரம் போகப் போக முதுகு வளையும் விதம் மாறிக்கொண்டே போனது. தேர்ந்த வீரர்களுக்கே அப்படி. பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, தொடையின் பின்தசை சுருங்கி, இடுப்பு மடங்க மறுக்கும் நடுவயதினருக்கு வளைய வேண்டிய இடத்தில் இடுப்பு வளைவதில்லை. அதற்குப் பதிலாக அடிமுதுகு கூன் போடுகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் அந்தக் கூனின் மேல் சுமை விழுகிறது. நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் அரை மணியில் 600 முறை.

ஆகவே திரும்பி வருகிறவர் முதல் மாதத்தைச் செய்முறைக்கே ஒதுக்கினால் அது வீண்போகாது. ரோயிங் மெஷின் என்றதும் கையால் இழுப்பது என்றுதான் ஜிம்மில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது காலால் தள்ளும் பயிற்சி. படகுப் பயிற்சியாளர்கள் தோராயமாகச் சொல்லும் கணக்கில் வேலையின் ஆறு பங்கு கால், மூன்று பங்கு உடல், ஒரு பங்கு கை. முன்னே போய்ச் சுருண்டிருக்கும்போது கீழ்க்கால் செங்குத்தாக இருக்க வேண்டும். அதைத் தாண்டி முன்னே நழுவினால் முட்டிக்கும் கேடு, முதுகுக்கும் கேடு. அங்கிருந்து முதலில் கால் தள்ளும். கால் நீளும்வரை கை நீண்டே இருக்கும்; கை வெறும் கொக்கி. கால் ஏறக்குறைய நீண்ட பிறகு உடல் இடுப்பிலிருந்து பின்னே சாயும். எல்லாவற்றுக்கும் கடைசியில் கை மடங்கி, பிடி நெஞ்சுக்குக் கீழே வந்து தொடும். திரும்பும்போது வரிசை தலைகீழ்: கை, உடல், கால். கை முட்டியைத் தாண்டும் முன்பே முட்டி மேலே எழும்பினால் பிடியைக் குதிக்க வைத்து முட்டியைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய பிழை இது. தள்ளுவதற்கு ஒரு பங்கு நேரம், திரும்புவதற்கு இரண்டு பங்கு. அந்தத் திரும்புதலில்தான் மூச்சு வாங்கவேண்டும். அவசரப்பட்டு ஓடி வந்தால் ஓய்வு போய்விடும்.

சக்கரத்தின் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண் போட்ட ஒரு கைப்பிடி இருக்கும். டாம்பர் என்று பெயர். ஜிம்முக்குள் நுழையும் ஆண்கள் பெரும்பாலும் அதை நேராகப் பத்துக்குத் தள்ளுகிறார்கள், எடைத் தட்டு ஏற்றுவது போல. டாம்பர் செய்வது கூண்டுக்குள் காற்றைக் கூட்டியோ குறைத்தோ விடுவது மட்டுமே. பத்தில் வைத்தால் கனத்த தோணியை இழுப்பது போலவும், மூன்றில் வைத்தால் இலகுவான பந்தயப் படகை இழுப்பது போலவும் இருக்கும். எவ்வளவு ஆற்றல் வெளிவருகிறது என்பது இழுப்பவரைப் பொறுத்தது. தயாரித்த நிறுவனமே தொடங்குபவர்களுக்கு 3 முதல் 5 வரைதான் பரிந்துரைக்கிறது. திரும்பி வந்த நாற்பதைக் கடந்தவர் பத்தில் வைத்து இழுப்பது, முதுகை வலியச் சென்று புண்ணாக்கிக்கொள்வது.

இதயத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வி முடியாது. பிரிட்டிஷ் பத்திரிகையாளரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான ஆண்ட்ரூ மார் 2013 ஜனவரியில், 53 வயதில், பக்கவாதத்தால் விழுந்தார். அதற்கு முந்தைய ஆண்டு முழுதும் வேலைப்பளுவில் மூழ்கியிருந்ததாகவும், தனக்குத் தெரியாமலே சிறு பக்கவாதங்கள் வந்துபோயிருந்ததாகவும் பின்னர் கூறினார். குறைந்த நேரத்தில் அதிதீவிரமாகச் செய்யும் பயிற்சியே சிறந்தது என்று படித்ததை நம்பி, ரோயிங் மெஷினில் முழு வேகத்தில் இழுத்திருக்கிறார். அதில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தது. அந்த ஆண்டிலேயே அவர் பணிக்குத் திரும்பினார் என்பது ஆறுதல். பழக்கமில்லாத உடம்பு திடீரென்று கடுமையாக உழைக்கும்போது மாரடைப்பின் அபாயம் அந்த நேரத்துக்கு ஏறுகிறது, தவறாமல் பயிற்சி செய்கிறவருக்கு அந்த ஏற்றம் மிகவும் குறைவு என்பது மருத்துவ உலகில் உறுதிப்பட்ட செய்தி. எர்க்கில் இன்னொரு பொறியும் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பது மிக இயல்பாக வந்துவிடும். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். தெற்காசியர்களுக்கு இதய நோயும் சர்க்கரை நோயும் இளைய வயதிலேயே வருவதால், நாற்பதைக் கடந்த தமிழர் ஒருவர் இருக்கையில் உட்காரும் முன்பு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வெறும் சடங்கு ஆகாது.

எல்லைகளின் மறுமுனையும் தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தின் ராப் வாடல் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகில் தங்கம் வென்றவர். பிறகு துடுப்பை விட்டுப் பாய்மரப் படகுப் பந்தயங்களுக்குப் போனார். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, 2008-இல், முப்பதைக் கடந்த வயதில், எர்க்கில் 2,000 மீட்டரை 5 நிமிடம் 36.6 விநாடியில் முடித்து உலகச் சாதனை படைத்தார். ஆஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2018-இல் முறியடிக்கும்வரை அது நின்றது. வாடலுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும் நோய் இருந்தது. பல ஆண்டுகள் மிகக் கடுமையாக உழைத்த நீடுதிறன் வீரர்களிடம் இந்தத் தாளப்பிழை மற்றவர்களைவிட அதிகம் தென்படுகிறது. இளமையில் தீவிரமாக வலித்து நடுவயதில் திரும்புகிறவர், நெஞ்சு படபடப்பதை ‘பயிற்சி போதவில்லை’ என்று தள்ளிவிடக் கூடாது.

பிரிட்டனின் ஜேம்ஸ் கிராக்னெலின் கதை வேறு. 2000, 2004 ஒலிம்பிக்குகளில் தங்கம். 2010-இல் அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டும்போது லாரி மோதி மூளையில் காயம். அதன்பின் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்து, 2019 ஏப்ரலில், 46 வயதில், ஆக்ஸ்போர்டுக்கு எதிரான படகுப் பந்தயத்தில் துடுப்பு வலித்தார். அந்தப் பந்தயத்தில் அதற்கு முன் துடுப்பு வலித்தவர்களில் மிக மூத்தவரைவிட அவர் பத்து வயது பெரியவர். கேம்பிரிட்ஜ் வென்றது. உற்சாகம் தரும் நிகழ்வு. ஆனால் அலுவலகம், குழந்தை, வயதான பெற்றோர் என்று வாழும் ஒருவருக்குக் கிராக்னெல் அளவுகோலாக முடியாது. அவர் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற வீரர்.

அப்படியானால் வாரத்துக்கு எவ்வளவு? நடுத்தர முயற்சி என்றால் 150 முதல் 300 நிமிடம், கடும் முயற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம், கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல். எவ்வளவு என்பதைவிட எப்படி என்பதில்தான் திரும்பி வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு நாளும் நேற்றைய எண்ணைவிட ஒரு விநாடி குறைக்க முயல்கிறார்கள். மூன்று வாரத்தில் எண் நின்றுபோகிறது, மனமும் நின்றுபோகிறது.

நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஸ்டீபன் சைலரும் அவருடைய சகாவும் நார்வேயின் பன்னாட்டுத் துடுப்பு வீரர்கள் 1970 முதல் 2001 வரை எப்படிப் பயிற்சி செய்தார்கள் என்று ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். அந்த முப்பது ஆண்டில் வீரர்களின் ஆக்சிஜன் உச்ச அளவு 12 சதவீதம் ஏறியிருந்தது. பந்தய வேகத்திலும் அதற்கு மேலும் செய்த பயிற்சி மாதத்துக்கு 23 மணி நேரத்திலிருந்து ஏழு மணி நேரமாகக் குறைந்திருந்தது. மெல்லிய பயிற்சியோ 30 மணி நேரத்திலிருந்து 50 மணி நேரமாகக் கூடியிருந்தது. வேகமாக ஆக ஆக, அவர்கள் மெதுவாகப் பயிற்சி செய்திருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஒருவருக்கு இந்த விகிதத்தை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் திசை அதுதான். நான்கு நாளில் மூன்று நாள், முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில், நிமிடத்துக்கு 18 முதல் 22 இழுப்பு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இடுப்பை நிமிர்த்தல். ஒரே ஒரு நாள் கடுமை, அதுவும் இரண்டு மாதம் கழிந்த பிறகு. அரை மணி நேரம் திரையை ஒரு துணியால் மூடிவிட்டு இழுப்பதையும் செய்து பார்க்கலாம். சக்கரத்தின் சீரான இரைச்சலைக் கேட்டே வேகத்தைப் பிடிக்கக் காது பழகிவிடும்.

பெண்களுக்கு ஒரு செய்தி தனியாகச் சொல்ல வேண்டியது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எர்க்கில் உடம்பின் எடையை இருக்கை சுமக்கிறது. மூட்டுக்கு அது நல்லது. எலும்புக்கோ ஓட்டமும் எடை தூக்குவதும் தரும் அதிர்வு கிடைக்காது. துடுப்போடு எடைப் பயிற்சியும் சேர்ந்தால்தான் இவர்களுக்குக் கணக்கு நிறைவாகும்.

பழைய எண்ணை என்ன செய்வது? அனுபவப்பட்ட பலர் செய்வது, நாற்பதுக்குப் பிந்தைய எண்களுக்குப் புதிய நோட்டு ஒன்று போடுவது. முதல் நாள் எண் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதில் அதுதான் சாதனை. போட்டி உலகமும் இதை ஒத்துக்கொண்டு, வயதுக்கு ஏற்பத் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறது. ஆண்களில் 75 கிலோவுக்கும், பெண்களில் 61.5 கிலோவுக்கும் உட்பட்டவர்களுக்கு எடைகுறைந்தோர் பிரிவும் உண்டு. பிரிவுகள் தொண்ணூறு வயதைத் தாண்டியும் போகின்றன.

அந்தத் தொண்ணூறு வயதுப் பிரிவில் நான்கு முறை உலகப் பட்டம் வென்றவர் அயர்லாந்தின் ரிச்சர்ட் மார்கன். ரொட்டி சுடுபவராகவும் பேட்டரித் தொழிலாளியாகவும் வாழ்ந்து ஓய்வு பெற்றவர், முட்டி கிரீச்சிடும். கல்லூரியில் துடுப்பு வலித்த பேரனின் பயிற்சியைப் பார்க்கப் போய், 73 வயதில்தான் முதன்முதலாக எர்க்கில் உட்கார்ந்தார். 92 வயதில் அவரை ஆய்வகத்தில் வைத்து அளந்தார்கள். முடிவுகள் 2023-இல் வெளியாயின. ஆய்வு செய்தவர்களில் அந்தப் பேரனும் ஒருவர், இப்போது உடற்பயிற்சி அறிவியல் கற்பிப்பவர். 2,000 மீட்டர் இழுத்தபோது தாத்தாவின் இதயம் நிமிடத்துக்கு 153 முறை துடித்தது. உடம்பில் ஏறக்குறைய 80 சதவீதம் தசை, 15 சதவீதம்தான் கொழுப்பு. வீட்டில் அவர் நாளுக்குச் சுமார் 40 நிமிடம், வாரத்துக்கு 30 கிலோமீட்டர் இழுத்துவந்தார். இரண்டு மூன்று நாள் கையெடைகளும் தூக்கினார். அந்த 30 கிலோமீட்டரில் மூன்று கிலோமீட்டர் முழு மூச்சோடு, ஆறு கிலோமீட்டர் தாங்கக்கூடிய கடுமையில். மீதி 21 கிலோமீட்டரும் அவர் மெல்லத்தான் இழுத்தார்.